வாகனத்துக்கு வர்ணம் பூசுமுன்

(ஆலய வாகனத் திருப்பணிக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் செயலவை உறுப்பினருமான அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாகனத் திருப்பணியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி தலைவர் பணித்தார். மயில் எதைக் குறிக்கிறது, ரிஷபம் எதைக் குறிக்கிறது என்னும் தத்துவத்தை எடுத்துச் சொல்ல என்னைவிடக் கற்றறிந்தவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். ஆகவே நான் அதில் இறங்கப் போவதில்லை. நான் பேச வந்தது மரத்தைப் பற்றியும் அதன்மேல் பூசும் வர்ணத்தைப் பற்றியும்தான். இதற்கு எனக்கு ஒரு தகுதி உண்டு. இந்த ஆலயத்தின் மயில் வாகனத்தைப் பாழாக்கியவர்களில் நானும் ஒருவன்!

சிரிக்கிறீர்கள். ஆனால் உண்மையைத்தான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கப்பலில் வரவழைத்த மயில் அது. கழுத்தின் நீலம் வெளுத்துத் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. தோகையில் இரண்டு கண்கள் உதிர்ந்திருந்தன. பங்குனி உத்திரத்துக்கு இருபதே நாள். நல்ல மனம் படைத்த உபயகாரர் ஒருவர், "செலவு முழுவதும் என்னுடையது, திருவிழாவுக்குள் மயில் புதிதுபோல் ஆகிவிட வேண்டும்" என்றார். நான் அப்போது பொருளாளர். பணம் கையில் இருக்கிறது, நாள் குறைவாக இருக்கிறது. கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை ஒன்றில் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னவன் நானே. "இதுவும் வாகனம்தானே!" என்று நான் சொன்னபோது செயலவை முழுவதும் சிரித்தது.

ஐந்தே நாளில் மயில் திரும்பி வந்தது. கண்ணாடி போன்ற பளபளப்பு! அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று தாய்மார்கள் வியந்தார்கள். திருவிழா நிழற்படங்களில் மயில் ஒளி வீசியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. எனக்குப் பெருமை.

மூன்றாம் ஆண்டு ஊர்வலத்தன்று மாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டாவது சந்திப்பில் திரும்பும்போது மயிலின் வலக்காலில் "மளுக்" என்று ஓர் ஓசை கேட்டது. மேலே உற்சவ மூர்த்தி, கீழே நம் பிள்ளைகளின் தோள். நல்ல வேளையாக, உடன் நடந்த இளைஞர்கள் ஓடி வந்து வாகனத்தின் அடியில் தோள் கொடுத்தார்கள். யாருக்கும் அடிபடவில்லை. மூர்த்திக்கும் எந்தப் பழுதும் இல்லை. ஆனால் அன்றிரவு நான் உறங்கவில்லை.

மறுநாள் காலை வாகன அறைக்குப் போய், கால் பொருத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். மேலே முட்டை ஓடு போலச் சாயம். உள்ளே தேநீரில் நனைத்த ரஸ்க் போல மரம். விரல் உள்ளே போய்விட்டது. பட்டறைக்காரர்மேல் ஒரு குற்றமும் இல்லை, ஐயா. அவர் தகரத்துக்குச் சாயம் அடிக்கத் தெரிந்தவர். மரத்தை அவரிடம் கொண்டுபோனவர்கள் நாங்கள்தான்.

அந்தச் சமயத்தில் வேறோர் ஆலயத்தின் வேலைக்காகத் தமிழகத்திலிருந்து வயது முதிர்ந்த மரச்சிற்பி ஒருவர் வந்திருந்தார். அவரை அழைத்து வந்து காட்டினோம். மயிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தட்டிப் பார்த்தார். எந்தச் சாயம் அடித்தீர்கள், எவ்வளவு செலவானது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "அடிக்கிறதுக்கு முந்தி எத்தனை நாள் காயப் போட்டீங்க, ஐயா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 33 ஆண்டுகள் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவன், அன்று ஒரு கேள்விக்குத் தலை குனிந்து நின்றேன்.

அன்பர்களே, அவரிடம் நான் மாணவனாக இருந்து கற்றதைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மரம் ஏன் கெடுகிறது?

மரத்தை வெட்டிச் செதுக்கிய பிறகும் அது காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. ஈரம் ஏறினால் பருக்கும், இறங்கினால் சுருங்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. மரம் குறுக்குவாட்டில்தான் நன்றாகப் பருத்துச் சுருங்கும். நார் ஓடும் நீளவாட்டில் அந்த அசைவு மிகமிகக் குறைவு. மயிலின் உடலில் நார் ஒரு திசையில் ஓடும், காலில் வேறு திசையில் ஓடும். ஆகவே இரண்டும் சேரும் பொருத்தில் ஓயாத இழுபறி நடக்கிறது. அந்த இடத்தின்மேல் வளைந்து கொடுக்காத கெட்டியான சாயத்தைப் பூசினால் என்ன ஆகும்? முதலில் மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு விழும். அதன் வழியே மழைநீரும், மாலைகளிலிருந்து வடியும் நீரும், இளநீரும் உள்ளே போகும். உள்ளே போன ஈரம் எளிதில் வெளியே வர முடியாது. சுற்றிலும் சாயம் அடைத்துக்கொண்டிருக்கிறதே!

மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சணம் அதைத் தின்னாது. நம் நாட்டுக் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. அந்தக் காற்றில் நிழலில் கிடக்கும் மரம் 15, 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். அதாவது, ஆபத்தின் எல்லைக்குச் சற்றே கீழே! கொஞ்சம் மழைநீர் உள்ளே தேங்கினாலே எல்லை தாண்டிவிடும்.

இங்கே சிலர் கேட்கலாம்: "காஞ்சிபுரத்து அத்தி வரதர் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறாரே?" நல்ல கேள்வி. அத்தி மரத்தால் ஆன அந்தத் திருமேனி 1979-க்குப் பிறகு 2019-ஆம் ஆண்டில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தரிசனம் தந்து, மீண்டும் அனந்தசரஸ் திருக்குளத்துக்குள் எழுந்தருளியது. நம்மில் சிலருக்கும் அந்தத் தரிசனம் கிடைத்தது. இறைவன் திருவுள்ளத்தை நாம் அளக்க முடியாது. ஆனால் மர விஷயத்தில் தச்சர்கள் நெடுங்காலமாக அறிந்த ஒன்று உண்டு. எப்போதும் உலர்ந்திருக்கும் மரம் பிழைக்கும். காற்றுப் புகாமல் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் மரமும் நெடுநாள் பிழைக்கும், ஏனென்றால் பூஞ்சணத்துக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். நனைவதும் அரைகுறையாகக் காய்வதுமாக இருக்கும் மரம்தான் உளுத்துப் போகும். நம் மயிலை நாங்கள் வைத்திருந்தது அந்த மூன்றாவது நிலையில்.

பெரியவர் செய்த வேலை

முதல் ஐந்து வாரம் அவர் தூரிகையையே தொடவில்லை. இது எங்களுக்குப் பெரிய சோதனை. "வேலை எப்போது தொடங்கும்?" என்று உபயகாரர்கள் என்னைக் கேட்பார்கள், நான் அவரைக் கேட்பேன். "வேலை நடந்துக்கிட்டுதானே இருக்கு" என்பார். காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல் கட்டைகளின்மேல் மயில் நின்றது. கழற்றி எடுத்த தோகைப் பலகையை வாரம் ஒருமுறை அன்னதானக் கூடத்துத் தராசில் நிறுத்து, எடையை ஒரு குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். வாராவாரம் எடை குறைந்தது. அடுத்தடுத்து இரண்டு வாரம் குறையாமல் நின்ற பிறகுதான், "இப்ப மரம் பேச்சு கேட்கும்" என்றார்.

வாகனத்தின் அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்தோம். காலையில் அதில் மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். விழுந்திருந்தது. மரத்தை மூடியிருந்த சாயத்தை அகற்றிவிட்டு, வெங்காரக் கரைசலைத் துளைகளிலும் பொருத்துகளிலும் ஊட்டி மறுபடியும் காயவைத்தார்.

பழைய சாயத்தை அகற்றும்போது ஒரு கண்டிப்புக் காட்டினார். கோத்தோங் ரோயோங் என்று இளைஞர்கள் உப்புத்தாளோடு ஆர்வமாக வந்தார்கள். சிறுவர்களும் கூடவே வந்தார்கள். பெரியவர் சிறுவர்களை அனுப்பிவிட்டார். பழங்காலச் சாயங்களில், குறிப்பாகச் சிவப்பிலும் மஞ்சளிலும் வெள்ளையிலும், ஈயம் கலந்திருப்பது வழக்கம். உலர்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும். பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு அது. ஆகவே சாயத்தை மென்மையாக்கிச் சுரண்டி, முகமூடி அணிந்து, விழுந்ததைத் தாளில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்தினார்கள். இதை நம் இளைஞர் பகுதி மறக்கக் கூடாது.

உளுத்த பகுதியை வெட்டி எடுத்து, நார் ஓடும் திசை பொருந்தும்படி புது மரத்தை ஆப்பு வைத்துச் சேர்த்தார். பொருத்துகளின்மேல் மெல்லிய பருத்தித் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினார். மேலே அடுக்கு வெடித்தாலும் பொருத்தின் இழுவையைத் துணி தாங்கிக்கொள்ளும். அதன்பின் சீமைச்சுண்ணாம்புத் தூளையும் பசையையும் சேர்த்து அரைத்த மக்கு. ஒரே தடிப்பாக அப்பவில்லை. நீர்த்த மோர்போல மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்தபின் தேய்ப்பு, மறுபடியும் ஒரு பூச்சு. நான் எண்ணியவரை ஏழு முறை.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் வியப்பு. வாகனத்தைக் கவிழ்த்துப் போட்டு, யார் கண்ணுக்கும் தெரியாத அடிப்பாகத்துக்கும், உட்குடைவுக்கும், முக்கியமாக மரத்தின் வெட்டுமுகங்களுக்கும் பூச்சுக் கொடுத்தார். வெட்டுமுகம் என்பது நார்கள் முடியும் இடம். ஒரு கட்டு வைக்கோலின் நுனியைப்போல அது நீரைக் குடிக்கும். பக்கவாட்டைவிடப் பன்மடங்கு வேகமாகக் குடிக்கும். பட்டறையில் நாங்கள் சாயம் அடித்தபோது மேல்பக்கம் மட்டும்தான் அடித்தோம். கால்களின் அடி வெறுமையாகத்தான் இருந்தது. அந்த வழியாகத்தான் மயில் தண்ணீர் குடித்தது!

இவ்வளவுக்கும் பிறகுதான் வர்ணம். பளபளப்பில்லாத அடிவர்ணம் முதலில், பிறகு நிழலும் ஒளியும், பிறகு இறகுக்கோடுகள். மேலே போகும் ஒவ்வோர் அடுக்கும் கீழ் அடுக்கைவிடச் சற்று வளைந்து கொடுப்பதாக இருக்க வேண்டும் என்பது அவர் கற்ற விதி. கெட்டியானது மேலேயும் மெத்தென்றது கீழேயும் இருந்தால் வெடிக்கும். கடைசியில் மெல்லிய வார்னிஷ். எல்லாவற்றுக்கும் கடைசியாக, நல்ல நாள் பார்த்து, நீராடி வந்து, கண் திறந்தார்.

எண்ணெய் துடைத்த துணிகளை அவர் ஒருபோதும் சுருட்டிப் போடவில்லை. ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துணி குவியலாகக் கிடந்தால் தானே தீப்பற்றும். விளக்கும் கற்பூரமும் உள்ள ஆலயத்தில் இது சாதாரண விஷயமல்ல. தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துப் போட வேண்டும்.

பூரி காட்டும் வழி

மரத்துக்கு ஓய்வும் அவகாசமும் கொடுப்பது சோம்பேறித்தனம் அல்ல, அதுவும் வழிபாட்டின் ஓர் அங்கமே என்பதற்கு ஒடிசாவின் பூரி ஜகந்நாதர் ஆலயம் பெரிய சான்று. அங்கே மூலமூர்த்திகளே வேப்ப மரத்தால் ஆனவர்கள். ஆனி மாத வாக்கில் வரும் ஸ்நான பூர்ணிமையன்று 108 குடம் நீரால் திருமஞ்சனம் நடக்கும். மரத்தின்மேல் தீட்டிய வர்ணம் அவ்வளவு நீரில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் ஏறத்தாழ 15 நாட்கள் பொதுத் தரிசனம் கிடையாது. சுவாமிக்குக் காய்ச்சல் என்று அடியார்கள் சொல்வார்கள். அந்த நாட்களில் மூர்த்திகளுக்கு மருத்துவ உபசாரமும், மறுபடியும் வர்ணம் தீட்டுதலும் நடைபெறும். பிறகுதான் புதுப் பொலிவோடு ரத யாத்திரை.

அந்த மூர்த்திகளின்மேல் பட்டு நூல், பிசின், துணி, கஞ்சி ஆகியவற்றால் அடுக்கடுக்காகப் போர்வை போட்டு, அதன்மேல்தான் வர்ணம் தீட்டுகிறார்கள். அந்த நாட்டுச் சித்திரக்காரர்களின் மரபு வர்ணங்களில் சங்குத் தூள் வெள்ளை, அரிதாரம் மஞ்சள், சாதிலிங்கம் சிவப்பு, விளக்குக் கரி கறுப்பு. ஒட்டுவதற்கு விளாம்பிசின். இவற்றில் அரிதாரமும் சாதிலிங்கமும் நச்சுப் பொருள்கள். அவற்றை நாம் வீட்டில் அரைத்துப் பார்க்கக் கூடாது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பொருள்களை அல்ல, முறையை. வேப்ப மரத் திருமேனியையே மாற்றிப் புதிதாக வடிக்கும் நவகளேபரம் 1996-இலும் 2015-இலும் நடந்தது. திருவிழாவின் நாள்காட்டியிலேயே பழுது பார்க்கும் நாட்களையும் எழுதி வைத்த அந்தப் பெரியோர்களின் அறிவை எண்ணிப் பாருங்கள். நாமோ திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போதுதான் வாகன அறையின் பூட்டைத் திறக்கிறோம்!

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலேயே சிங்கப்பூர் நீல் சாலையில், 1896-இல் தொடங்கிய சீனக் குடும்பக் கடை ஒன்று மரத்தில் தெய்வ உருவங்களைச் செதுக்கிவருவதற்குப் பேர்பெற்றது. அவர்களின் முறையிலும் செதுக்கலுக்குப் பின் பூசிச் சமன்செய்தல், நூல்போலத் திரித்த கலவையால் ஆடை அணிகளை ஒட்டுதல் என்று பல படிகளைக் கடந்த பிறகுதான் தங்க ரேக்கு. மொழி வேறு, தெய்வத்தின் பெயர் வேறு. மரத்துக்குக் காட்ட வேண்டிய பொறுமை மட்டும் ஒன்றே.

தங்கத்தைப் பற்றி ஒரு சொல்

நம் உபயகாரர்கள் பெரும்பாலும் கேட்பது, "தங்க நிறமாக இருக்கட்டும்" என்பது. தாராளமாகச் செய்யலாம். ஆனால் டப்பாவில் வரும் தங்கச் சாயத்தில் பலவும் பித்தளைத் தூள்தான். செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றும் ஈரமும் வியர்வையும் பட்டால் கறுக்கும், பச்சை பிடிக்கும். உண்மையான தங்க ரேக்கு கறுக்காது. ஆனால் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. கீழே உள்ள பரப்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆக, தங்கம் வேண்டுமென்றால் முதலில் மக்குக்குப் பணம் கொடுங்கள்!

என் வேண்டுகோள்

அன்பர்களே, நம் வாகன அறையில் இன்னும் ஐந்து வாகனங்கள் காத்திருக்கின்றன. அவற்றில் ரிஷபத்தின் கழுத்தில் வெடிப்பு தெரிகிறது. குதிரையின் அடியில் தூள் விழுகிறது. அடுத்த திருவிழாவுக்குள் ஐந்தையும் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று ஒரு கருத்து செயலவையில் இருக்கிறது. அந்தக் கருத்தைச் சொல்பவர்கள் ஆலயத்தின்மேல் என்னைவிட அன்பு குறைந்தவர்கள் அல்லர். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான். அதனால்தான் கைகூப்பிக் கேட்கிறேன்: வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு வாகனம் போதும். மற்றவை ஓய்வெடுக்கட்டும். ஒரு திருவிழாவில் சுவாமி பழைய வர்ணத்து வாகனத்தில் எழுந்தருளினால் குறையொன்றும் இல்லை. உளுத்த காலோடு எழுந்தருளினால் அதைத் தாங்குவது நம் பிள்ளைகளின் தோள்.

உபயப் பலகையில், "வர்ணம் தீட்டிய உபயம்" என்று பெயர் போட எல்லாரும் முன்வருகிறீர்கள். "மரம் காயவைத்த உபயம்", "அடிப்பாகம் பூசிய உபயம்" என்று போட்டுக்கொள்ள யாரேனும் முன்வருவீர்களா? அந்த உபயம் யார் கண்ணுக்கும் தெரியாது. வாகனத்தைச் சுமப்பவனின் தோளுக்கு மட்டும் தெரியும். சுமக்கப்படுகிறவனுக்கும் தெரியும்.

வீட்டில் கொலுப் பொம்மையோ மரத்தாலான சுவாமி உருவமோ வைத்திருக்கும் தாய்மார்களுக்கும் நான்கு சொல். ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மெல்லிய தூரிகையால் தூசு தட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பழைய பருத்திச் சேலையால் போர்த்துங்கள். சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் கட்டைமேல் வையுங்கள். நீர் சொட்டும் மாலையை உதறிவிட்டுச் சாத்துங்கள்.

என் தவற்றுக்குப் பணம் கொடுத்த அந்த உபயகாரர் இன்று நம்மிடையே இல்லை. மயில் பழுதானபோது அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் செலவை ஏற்றுக்கொண்டு, "இந்த முறை அவசரப்படாதீங்க, வாத்தியாரே" என்று மட்டும் சொன்னார். அந்த மயில்தான் இன்றும் முருகப் பெருமானைச் சுமந்து வருகிறது. ஒவ்வொரு பங்குனி உத்திரத்தன்றும் இரண்டாவது சந்திப்பில் அது திரும்பும்போது, என் காது தானாகவே அந்த வலக்காலின் பக்கம் போகிறது. இதுவரை ஓசை இல்லை.